வாந்தி வந்தால் வாய்திறந்து சொல்லுங்கள்!

(உடல் பருமன் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். ஒலிவாங்கியை மற்றவர்களிடம் நீட்டிவிட்டு நிம்மதியாக நின்று கொள்வேன். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவர் அல்லள். தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். அந்தப் படிப்பில் முதல் வாரமே ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். செய்தியை ஒருவர் அனுப்பினால் மட்டும் போதாது, அதைப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும், இல்லையென்றால் அங்கே தொடர்பே நடக்கவில்லை என்பதுதான் அது. அந்தப் பாடத்தை நான் தேர்வில் எழுதித் தேறினேன். என் சொந்த உடம்பு ஏழு வாரம் செய்தி அனுப்பியபோது மட்டும் கோட்டை விட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் உடல் எடை எந்த அளவுக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது என்பதை மருத்துவர்கள் ஏற்கெனவே சொன்னார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியர்களில் இருவரில் ஒருவர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 54.4 விழுக்காடானது. இன வாரியாகப் பார்த்தால், 2019ஆம் ஆண்டு ஆய்வில் முதலிடம் நம் இந்தியர்களுக்கு. இந்த முதலிடத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நானும் அந்தக் கணக்கில் இருந்தவள்தான். 158 சென்டிமீட்டர் உயரம், 103 கிலோ எடை, 34 வயதிலேயே இனிப்புநீர். நடந்து பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். இறங்கிய எடை தீபாவளிக்குத் தீபாவளி வட்டியோடு திரும்பி வந்தது. கடைசியில் மருத்துவர் ஆலோசனைப்படி எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதை நான் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். தவறு எதில் நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புதிய இரைப்பை எப்படிப்பட்டது?

இந்த அறுவை சிகிச்சையில் இரண்டு வகை அதிகம் செய்யப்படுகின்றன. ஒன்று 'ஸ்லீவ்'. சட்டைக் கையைப் போல் இரைப்பையை ஒடுக்கமாக்குவதால் அந்தப் பெயர். இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஒரு சின்னக் கோப்பிக் கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று 'கேஸ்ட்ரிக் பைபாஸ்'. அதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். 30 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி.

எனக்குச் செய்தது ஸ்லீவ். பழைய இரைப்பை ரப்பர்ப் பை மாதிரி. எவ்வளவு போட்டாலும் விரிந்து கொடுத்தது. புதியது அப்படி விரியாது. முதல் சில வாரங்களில் தையல் போட்ட இடம் வீங்கியிருப்பதால் இருக்கிற வழியும் குறுகலாக இருக்கும். ஒரு கரண்டி அதிகமானாலும், ஒரு வாய் சரியாக மெல்லாமல் இறங்கினாலும் மேலே வந்துவிடும். ஆகவே குமட்டலும் வாந்தியும் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு வருவது உண்மை. ஆனால் "ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்று சொல்வது உண்மையன்று. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

தடுப்பு முன்பே தொடங்குகிறது

அறுவை சிகிச்சைக்கு முன்பு மயக்க மருந்து நிபுணர் வந்து சில கேள்விகள் கேட்டார். "பயணத்தில் வாந்தி வருமா?" என்பது அவற்றில் ஒன்று. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுப் பாதையில் சிறு வயதிலிருந்தே நான் பிளாஸ்டிக் பையோடுதான் உட்காருவேன். ஆனால் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் இதையெல்லாமா சொல்வது என்று வெட்கப்பட்டு, "இல்லை டாக்டர்" என்றேன்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு ஜெர்மன் மருத்துவர் ஆப்ஃபெலும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். மயக்க மருந்துக்குப் பிறகு யாருக்கு வாந்தி வரும் என்பதை நான்கு கேள்விகளால் முன்கூட்டியே கணிக்கலாம். பெண்ணா? புகைபிடிக்காதவரா? பயணத்தில் வாந்தி வருபவரா, அல்லது முன்பு மயக்க மருந்துக்குப் பின் வாந்தி எடுத்தவரா? சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்து தேவைப்படுமா? நான்கில் ஒன்றும் இல்லையென்றால் நூற்றில் பத்துப் பேருக்குத்தான் வாந்தி வரும். நான்கும் இருந்தால் நூற்றில் ஏறக்குறைய எண்பது பேருக்கு வரும். இதைக் கேட்டுவிட்டுப் புகைபிடிக்கத் தொடங்கிவிடாதீர்கள். புகைபிடித்தால் தையல் ஆறுவது கெடும், புண் வரும்.

எனக்கு நான்கும் இருந்தன. நான் மூன்றை மட்டும் காட்டினேன். உண்மையைச் சொன்னால் மருத்துவர் செய்யக்கூடியவை பல உண்டு. வாயுவாகத் தரும் மயக்க மருந்துக்குப் பதிலாக நரம்பு வழியாக முழு மயக்கமும் தரலாம். ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். மார்ஃபின் வகையைக் குறைத்து, மற்ற வழிகளில் வலியை அடக்கலாம். எடை குறைய ஊசி போட்டுக்கொள்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உணவு இருந்தால் ஆபத்து.

முதல் இரண்டு நாட்கள்

கண் விழித்தபோது எனக்குத் தலை சுற்றியது. தொண்டை வரை ஏதோ ஏறி நின்றது. அன்றிரவு நான்கு முறை ஓங்கரித்தேன். காலையில் வந்த தாதி, "குமட்டல் தொடங்கியதுமே மணியை அழுத்தியிருக்கலாமே, வாந்தி வரும்வரை ஏன் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவேயில்லை. வாந்தி வந்தால்தான் நோய், குமட்டலை எல்லாம் சொல்லித் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்துவிட்டேன். வாந்தித் தடுப்பு மருந்தைக் குமட்டலிலேயே கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாதி மருந்து குடிக்கும் சின்னக் கோப்பையில் தண்ணீர் தந்து, "இதைப் பதினைந்து நிமிடம் குடியுங்கள்" என்றார். 30 மில்லி தண்ணீருக்குப் பதினைந்து நிமிடமா என்று சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரி. நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை நனைப்பது போல் சிறிது சிறிதாக உறிஞ்சினால் நிற்கிறது. மடக்கென்று விழுங்கினால் நிற்பதில்லை. அன்று பிற்பகலே கையைப் பிடித்து வார்டைச் சுற்றி நடக்க வைத்தார்கள். நடந்த பிறகு வயிற்றின் இறுக்கம் குறைந்ததை நானே உணர்ந்தேன்.

அம்மாவின் 'இன்னும் ஒரு வாய்'

வீட்டுக்கு வந்தேன். இங்கேதான் நம் பண்பாடு குறுக்கே வருகிறது. மருத்துவமனையில் தந்த அட்டவணை தெளிவாக இருந்தது. முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீராகாரம். இரண்டு வாரம் வரை பால், சத்துமாவுப் பானம் போன்ற நீராகாரங்கள். பிறகு மசித்த உணவு. அதற்குப் பிறகு மென்மையான உணவு. ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இதில் சிறு மாற்றம் இருக்கலாம். உங்கள் மருத்துவமனை தரும் அட்டவணையே உங்களுக்குச் சட்டம்.

அம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்துக் கண்ணீர் வந்துவிட்டது. "பச்சைப் பிள்ளைக்குக்கூட இதைவிட அதிகமாகக் கொடுப்போமே" என்றார். நான்கு கரண்டி பருப்பு மசியல் சாப்பிட்டு நிறுத்தினால், "இன்னும் ஒரு வாய்மா, எனக்காக" என்பார். அந்த ஒரு வாயை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடத்தில் அந்த ஒரு வாய் தனக்கு முன்னால் போன நான்கையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். நம் வீடுகளில் அன்பைக் கரண்டியால் அளந்து பழகிவிட்டோம். இந்த நோயாளிக்கு அன்பு காட்ட நினைப்பவர்கள் அந்தக் கடைசிக் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பிடும் முறையே பாதி மருந்து

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயர் ஒன்றையும் காணமாட்டீர்கள். பசித்தபின் உண், அளவறிந்து உண் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எடைக்குறைப்புச் சிகிச்சை நிபுணர் தந்த தாளிலும் ஏறக்குறைய அதுவே இருந்தது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒன்று, குழந்தைகளுக்கு ஊட்டும் சின்னக் கரண்டியில் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மென்று கூழாக்குங்கள். ஒரு வாய் இறங்கும்வரை கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு வேளை உணவுக்கு இருபது, முப்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

இரண்டு, சாப்பாட்டையும் தண்ணீரையும் சேர்க்காதீர்கள். சாப்பிடும்போது குடிக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் மற்ற நேரத்தில் குடிக்க மறக்காதீர்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அதுவும் குறைவுதான். உடலில் நீர் வற்றினாலே குமட்டல் வரும். குமட்டல் வருகிறதே என்று தண்ணீரை நிறுத்தினால் நீர் இன்னும் வற்றும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது எச்சரிக்கை.

மூன்று, வயிறு நிறைந்ததற்கான அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வயிறு போல் இது 'ஏப்பம்' விட்டுச் சொல்லாது. எனக்கு நெஞ்சுக்குழியில் ஒரு கனம் தெரியும். மூக்கில் நீர் வடியும். சிலருக்கு விக்கல் வரும், வாயில் எச்சில் சுரக்கும். அந்த அடையாளம் வந்த நொடியில் தட்டை நகர்த்திவிடுங்கள்.

நான்கு, சிக்கிக்கொள்ளும் உணவுகளை ஆரம்பத்தில் தள்ளி வையுங்கள். ஒட்டிக்கொள்ளும் வெள்ளைச் சோறு, ரொட்டி சானாய், மென்மையான வெள்ளை ரொட்டி, வறண்ட கோழி நெஞ்சுக்கறி, சோத்தோங், நார் அதிகமுள்ள கங்கோங் தண்டு ஆகியவை பலருக்குத் தொல்லை தருபவை. எண்ணெயில் பொரித்ததும் அப்படித்தான். அவித்த முட்டை, மெதுவான தாவ்ஃபூ, ஆவியில் வெந்த மீன், பருப்பு, தயிர் ஆகியவை எனக்கு ஒத்துப்போயின. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பதால் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் போன்ற இனிப்புகளில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நேராகக் குடலில் கொட்டுவதால் அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வரும்.

ஐந்து, மாத்திரைகள். வெறும் வயிற்றில் சத்து மாத்திரை போட்டால், அதுவும் இரும்புச் சத்து மாத்திரையானால், குமட்டும். உணவுக்குப் பின் போடுங்கள், அல்லது மென்று தின்னும் வகையை மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்திவிடாதீர்கள். முட்டிவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் போன்ஸ்டான், ஐபுரூஃபன் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, குறிப்பாகப் பைபாஸுக்குப் பிறகு, அவை புண்ணை உண்டாக்கும். இனிப்புநீர் மாத்திரையின் அளவையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து போகலாம். சில மாத்திரைகள் தாமாகவே குமட்டலைத் தரும்.

நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏன் மாட்டிக்கொண்டேன்? நான்காவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். படப்பிடிப்புக்கு நடுவே கிடைத்த ஏழு நிமிடத்தில் சாப்பிட்டேன். ஒப்பனை அறைக் கழிவறையில் வாந்தி எடுத்தேன். முகத்தைக் கழுவி, உதட்டுச் சாயம் பூசி, "வணக்கம் நேயர்களே" என்று சிரித்தேன். முதலில் வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு நாளுக்கு ஒரு முறை. பிறகு மெதுவாக மென்று சாப்பிட்டாலும் வாந்தி. கடைசியில் தண்ணீரும் தங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா முதலிலிருந்தே இந்தச் சிகிச்சைக்கு எதிர்ப்பு. "நல்ல வயிற்றை யாராவது வெட்டுவார்களா?" என்று அழுதவர். சொன்னால், "நான் அப்பவே சொன்னேனே" என்பார். மருத்துவரிடம் சொன்னால், "ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று திட்டுவார் என்ற பயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எடை மளமளவென்று இறங்கியது. ஏழு வாரத்தில் 19 கிலோ. பார்த்தவர்கள் எல்லாரும், "அடேயப்பா, எப்படி இளைச்சிட்டீங்க!" என்று பாராட்டினார்கள். எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வாந்தியும் ஒரு வகையில் உதவிதானே என்று உள்ளூர நினைத்தேன். சத்து மாத்திரை போட்டால் வாந்தி அதிகமாகிறது என்று அதையும் நிறுத்தினேன். ஒரு நாள் முடியாமல் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அறுவை சிகிச்சை செய்ததை அங்கே சொல்லவில்லை. 'கேஸ்ட்ரிக்' என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நான் சொல்லாததை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இரட்டையாகத் தெரிந்த எழுத்துகள்

ஏழாவது வாரம் ஒரு மாலை. எதிரே ஓடும் திரையைப் பார்த்துச் செய்தித் தொகுப்பை வாசிக்கிறேன். எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு சமாளித்தேன். மேடையிலிருந்து மூன்று படி இறங்கும்போது கால் தள்ளாடியது. குதிகால் உயர்ந்த காலணியைக் குறை சொன்னேன். வீட்டுக்குப் போய்க் காலணியைக் கழற்றிய பிறகும் நடை சரியாகவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய்?" என்றார். அப்போதுதான் உடைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கைப்பையை எடுத்தார், டாக்சியை அழைத்தார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் வயதில் என்னைவிடச் சிறிய மருத்துவர். அறுவை சிகிச்சை என்று அம்மா சொன்னதும் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை நாளாக வாந்தி? சத்து மாத்திரை போடுகிறீர்களா? பார்வை எப்படி இருக்கிறது? பதிலைக் கேட்டதும், குளுக்கோஸ் ஏற்றத் தயாராக இருந்த தாதியை நிறுத்தி, "முதலில் தயாமின்" என்றார்.

தயாமின் என்பது வைட்டமின் பி1. உடம்பு இதை அதிகம் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் உணவு தங்காமல் போனால் இருப்புத் தீர்ந்துவிடும். மூளைக்கு இது இல்லாமல் முடியாது. பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். 1881ஆம் ஆண்டு இதை விவரித்த கார்ல் வெர்னிக்கே என்ற மருத்துவரின் பெயரால் இந்த நோய் அழைக்கப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம், உயிரும் போகலாம். தயாமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அது தின்றுவிடும். அந்த இளைய மருத்துவர் தாதியைத் தடுத்தது அதற்காகத்தான்.

நரம்பு வழியாக அதிக அளவு தயாமின் ஏற்றினார்கள். சில நாட்களில் பார்வை திரும்பியது. நடை சரியாக நான்கு மாதம் ஆனது. இன்றும் குளிர்சாதன அறையில் நின்றால் என் பாதங்களில் இலேசான மதமதப்பு உண்டு.

பிறகு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். குழாய் போன்ற என் இரைப்பையில் ஓரிடம் வளைந்து குறுகிப் போயிருந்தது. பலூனை உள்ளே விட்டு இரண்டு முறை விரித்தார்கள். அதன் பிறகு உணவு இறங்கியது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏழு வாரமாக நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேகமாகச் சாப்பிட்டது என் தவறுதான். ஆனால் அந்தக் குறுகல் என் தவறன்று. நூறு முறை மென்றாலும் அது விரிந்திருக்காது. முறையாகச் சாப்பிட்டும் வாந்தி நிற்கவில்லை என்றால் உள்ளே வேறு காரணம் இருக்கிறது என்று பொருள். குறுகலாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை குறைந்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆகவே கர்ப்பமாகவும் இருக்கலாம். முதல் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். வாந்தி எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரிவர வேலை செய்யாது என்பதையும் தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

இந்த வைட்டமினுக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. நூறாண்டுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று இறந்தார்கள். அவர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. தோட்டத்தில் புழுங்கல் அரிசி உண்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் அதிகம் அண்டவில்லை. 1905ஆம் ஆண்டு மருத்துவர் வில்லியம் ஃபிளெட்ச்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. புழுங்கல் அரிசிப் பிரிவு தப்பியது. 1907ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. நெல்லை அவிக்கும்போது உமிக்கு அடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. அந்தச் சத்துதான் தயாமின்.

என் பாட்டன் பாட்டியைத் தோட்டத்தில் காப்பாற்றிய அதே சத்து, கோலாலம்பூரில் எல்லா வசதியோடும் வாழ்ந்த பேத்தியின் உடம்பில் தீர்ந்து போனது. மாத்திரையாக அது மேசை மேல்தான் இருந்தது.

எப்போது ஓட வேண்டும்?

நேயர்களே, பேனாவும் தாளும் இருந்தால் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து வாந்தி என்றால், அறுவை சிகிச்சை செய்த குழுவை அழைத்து, "தயாமின் தேவையா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கடுமையான வயிற்று வலி இருந்தாலோ காத்திருக்காதீர்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சலும் வேகமான இதயத் துடிப்பும் சேர்ந்து வந்தால் தையல் கசிவதாக இருக்கலாம். பார்வை இரட்டையானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ 999ஐ அழையுங்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் வாக்கியமாக, "எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சிகிச்சை செய்தவர் இளைத்துவிட்டார் என்று பாராட்டுவதற்கு முன்னால், "சாப்பாடு தங்குகிறதா?" என்று கேளுங்கள். அந்த நாளில் யாராவது ஒருவர் என்னை அப்படிக் கேட்டிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இப்போது எனக்கு 72 கிலோ. இனிப்புநீர் மாத்திரை குறைந்திருக்கிறது. கடைசியாக எப்போது வாந்தி எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. காலையில் பசியாறும்போது அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார். நான்கு கரண்டி முடிந்ததும் தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகும்போது, "மாத்திரை போட்டாயா?" என்று மட்டும் கேட்பார்.